இரும்பு படாத நகம்

வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிற நாள்வரைக்கும் என் மகளுடைய நகத்தில் இரும்பு படக்கூடாது என்று என் நாத்தனார் சட்டம் போட்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டின சந்தில், ஒரு முன்னறையும் ஒரு பின்னறையுமாக இருந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அண்ணிக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. விடிகிற நேரத்துக்குக் காசிமேட்டுக் கரைக்குப் போய் இறால் எடுத்து, டோல்கேட் வரைக்கும் கூடையில் சுமந்து விற்றுவிட்டு வருவார். வந்து குளித்த கையோடு பிள்ளையைத் தூக்கினாரென்றால் பால் கொடுக்க மட்டும்தான் எனக்குத் தருவார்.

எங்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அதனால் இரண்டாவது பிறந்தபோது, பிள்ளை இன்னும் அழவில்லை என்று ஆயா வெளியே வந்து சொன்னதும், அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முட்டி போட்டுவிட்டார். மாதாவே, பிள்ளையைக் கொடு, முதல் முடியை உனக்குக் கொண்டுவருகிறேன், அதுவரைக்கும் இரும்பு காட்டமாட்டோம் என்று வேண்டிக்கொண்டார். உள்ளே பிள்ளை அழுதது. அப்புறம் அந்த வேண்டுதலை யாராவது அசைக்க முடியுமா?

முடிக்குத்தானே வேண்டிக்கொண்டார், நகம் இதில் எங்கே வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"முடியும் வளருது, நகமும் வளருது. ரெண்டையும் வெட்டுனா வலிக்காது. ரெண்டும் ஒண்ணுதானே? மாதாவாண்ட போய் இது வேற அது வேறன்னு வக்கீலு மாரி பேசிகினு இருப்பியா?" என்றார் அண்ணி.

பிள்ளை பிறந்தது கிறிஸ்மஸ் முடிந்த கையோடு. மொட்டை செப்டம்பர் திருவிழாவில். தெருவே சேர்ந்து போகும், நாங்கள் மட்டும் முன்னால் போக முடியாது. அதுவரைக்கும் நகத்துக்கு ஒரே வழி என் பல்தான். எங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. கைப்பிள்ளையின் நகத்தை அம்மாக்காரி வாயில் வைத்துக் கடித்து எடுப்பாள். பிறந்த பிள்ளையின் நகம் தாள் மாதிரி இருக்கும், நாக்கில் பட்டால் ஊறி வந்துவிடும். இரண்டு மாதம் போனதும் அந்தக் கதை நடக்காது. நகம் கெட்டிப்படும், பிள்ளையும் கையை இழுக்கும். கடித்த இடம் பிசிறு பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறை வைத்துக்கொண்டு என் மகள் தன் கன்னத்தைத் தானே பிறாண்டிக்கொள்வாள். குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனால், "இன்னாமே, வூட்டுல பூன வளக்கிறியா?" என்று கேட்பார்கள். பழைய பனியனைக் கிழித்துக் கைக்குப் பை தைத்துப் போட்டேன். சித்திரை வெயிலில் அதைப் போட்டால் கை வேர்த்து வேர்க்குரு வந்தது. அவளும் அதை வாயில் வைத்துச் சப்பி நனைத்து உருவிப் போட்டுவிடுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் இடது கண் திறக்கவில்லை. இமை வீங்கிப்போய், ஓரத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தில் காட்டினால் வீறிட்டாள். தாய்ப்பால் விடு என்றாள் ஒருத்தி. நந்தியாவட்டைப் பூவைப் பிழி என்றாள் இன்னொருத்தி. நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. வீட்டுக்காரரை வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லி இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே ஒரு லேடி டாக்டர். சொட்டு மருந்து ஒன்றை விட்டார். கண்ணெல்லாம் மஞ்சளாக ஆனது. ஒரு விளக்கை வைத்துக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிள்ளை கத்துகிற கத்தலுக்கு நான் அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கருவிழியில நகம் கீறியிருக்கும்மா. அந்த இடத்துல சீழ் வைக்க ஆரம்பிச்சிருக்கு. நகத்தை எதால வெட்டுறீங்க?"

"கடிச்சி எடுக்கிறேங்க."

"இனிமே வாயே வைக்காதீங்க. பிளேடும் கூடாது. கட்டையா, வழவழன்னு இருக்கணும் நகம். குழந்தைக்குன்னு சின்ன நெயில் கட்டர் இருக்கு, பார்த்து வாங்குங்க. இப்ப இருக்கிறதை மருந்து போட்டு ஆத்திடலாம். ஆறுறதுக்குள்ள அதே இடத்துல இன்னொரு கீறல் பட்டா பெரிய தழும்பாயிடும். பாப்பாவுக்கு நேர் முன்னால இருக்கு. அந்தக் கண்ணு பார்க்காம போகலாம்."

கண்ணின் நடுவே இருக்கிற கறுப்பைத்தான் டாக்டர் பாப்பா என்று சொன்னார். எனக்கு என் மடியில் இருந்த பாப்பாதான் தெரிந்தாள். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆறிடும்மே, ஆறிடும்னாங்கல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணி ஒற்றைக் கண்ணில் கட்டோடு இருந்த பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னது என்ன தெரியுமா? "கையக் கட்டி வெப்போம். நான் பாத்துக்கிறேன். செப்டம்பரு இன்னா, கண்ண மூடித் தொறந்தா வந்துரும்."

வந்ததே எனக்கு ஆத்திரம்! அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "கண்ண மூடித் தொறக்கவா? தொறக்கிறதுக்குக் கண்ணு இருக்கணுமே அண்ணி! உங்க மாதாவுக்கு இன்னாத்துக்குப் புள்ள நகம்? அவங்களும் ஒரு புள்ளய வளத்தவங்கதானே, கேட்டுப் பாருங்க போய்!"

சந்தே வாசலில் வந்து நின்றது. அண்ணி பிள்ளையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டார். அன்றையிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. சோறு போட்டு வைத்தால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்குவது மட்டும் நிற்கவில்லை. இறால் விற்கப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவள் இரண்டு கையையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனுஷியால் எத்தனை நேரம் அப்படி உட்கார முடியும்?

என் வீட்டுக்காரர் அக்காவையும் எதிர்க்கமாட்டார், என்னையும் எதிர்க்கமாட்டார். வீட்டில் சண்டை வந்தால் ஏதாவது வாங்கி வருவதுதான் அவர் வழக்கம். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் விஞ்சு ஓட்டுகிறவர், அதாவது சரக்கை வடத்தில் கட்டித் தூக்கி இறக்குகிற இயந்திரத்தை இயக்குகிறவர். துறைமுகத்துக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. கப்பலில் இருந்து இறங்கியது எதுவானாலும் நல்ல பொருள். சோப்பு, சீப்பு, சட்டை, டார்ச் லைட், எதுவானாலும் சரி, ஃபாரின் என்று சொன்னால் முகர்ந்து பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

அப்படித்தான் முதல் நகவெட்டி வந்தது. ஏதோ ஒரு கப்பல்காரனிடம் கேட்டு வாங்கி, லுங்கி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்து, பெருமையாகத் தரையில் வைத்தார். இரும்புத் துண்டு ஒன்று, என் கட்டைவிரலைவிட நீளம்.

"இன்னாய்யா இது? புள்ளைக்கு நகம் வெட்டவா, கப்பலு வடம் வெட்டவா?"

"ஃபாரின்மே! எம்மாம் ஷோக்கா கீது பாரு."

மறுநாளே இன்னொன்று வந்தது. பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கடை போட்டிருந்தார்களே, அங்கே வாங்கியது. சின்னது, பளபளவென்று கண்ணாடி மாதிரி, மேலே ஒரு பொம்மைப் படம், மணிச் சங்கிலி வேறு. பார்த்ததும் எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைமேல் வைப்பதற்கு முன்னால் என் சுண்டுவிரலில் வைத்துப் பார்ப்போம் என்று வைத்து அழுத்தினேன். நகத்தோடு சேர்த்து ஓரத்துச் சதையையும் பிடித்துக் கடித்துவிட்டது. சுருக்கென்றது, ரத்தம் சொட்டியது.

"ஐயய்யோ, ஃபாரினாச்சே" என்றார் அவர்.

"ஃபாரின்னா ரத்தம் வராதா? நம்ம ஊரு பிளேடு மாரியேதான் வருது, பாரு!" என்று விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

அண்ணி பிள்ளையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் இத்தனை நாள் பேசாத வாய் திறந்தது. "இத்தயா எம் புள்ள மேல வெக்கப் போற?"

"உங்க புள்ளதானே? அப்ப நீங்களே வந்து நல்லதா ஒண்ணு பொறுக்கிக் குடுங்க!"

அண்ணி பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, இந்த மனுஷியோடு இனி ஒரு வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பிள்ளையின் நகம் அன்றைக்கு அரிசி முனை அளவுக்கு வளர்ந்து நின்றது, எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் கோயில் மணி அடித்து முடிந்த பிறகு அண்ணி வந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. நேராக என் எதிரில் குந்தினார்.

"பேசி முடிச்சிட்டேன்."

"யாராண்ட?"

"மாதாவாண்டதான். நகத்த வுட்டுக் குடும்மான்னேன். சும்மா கேட்டா நல்லாவா இருக்கும்? அதுக்குப் பதிலா என் தல முடிய எட்த்துக்கோன்னுட்டேன்."

அண்ணிக்குக் கொண்டையைப் பிரித்தால் இடுப்புக்குக் கீழே விழும் முடி. புருஷன் செத்தபிறகு பூ வைப்பதை விட்டாரே தவிர, வாரா வாரம் அரப்புத் தேய்த்து வெயிலில் காயவைப்பதை விட்டதில்லை. தன்னிடம் அழகு என்று அவர் நினைத்தது அது ஒன்றைத்தான். கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பழக்கமில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்டேன். "போடு" என்றார். அவ்வளவுதான், சமாதானம் ஆகிவிட்டது.

அப்புறம்தான் நிஜமான வேலை ஆரம்பித்தது. நல்ல நகவெட்டி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளையின் விரலில் வைத்துப் பார்க்க முடியாது. நம் விரலில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. நமக்கு நகம் தடி, சதையும் மரத்துப்போனது. மறுநாள் காலையில் அண்ணி விற்றது போக மிஞ்சின பொடி இறாலை உரித்துக்கொண்டிருந்தேன். வால் பக்கத்துத் தோலைக் கிள்ளும்போது கை நின்றது. தாள் மாதிரி மெல்லிசாக ஒரு தோடு. அதன் அடியில் ஒட்டினாற்போல் மெத்தென்ற சதை. முனையில் மட்டும் தோடு சதையைத் தாண்டி ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டிருக்கிறது.

"அண்ணி, இங்க பாருங்க! புள்ள வெரலு மாரியே இல்ல?"

அண்ணி வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எதையும் ஒரே தடவையில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை அவர். இதை ஒப்புக்கொண்டார். "அட, ஆமாம்மே!"

கப்பல்காரன் கொடுத்ததை வைத்து அழுத்தினோம். வால் மொத்தமும் துண்டாகிப் போய்க் குழம்புச் சட்டி பக்கத்தில் விழுந்தது. பொம்மை போட்டதை வைத்தோம். தோடு வெட்டுப்பட்டது, ஆனால் ஓரத்தில் சதை நசுங்கிப் பிய்ந்திருந்தது. என் சுண்டுவிரலுக்கு என்ன ஆனது என்று அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. அதன் வாய் நேர்க்கோடு, இரண்டு முனையும் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வாயும் அகலம், அழுத்துவதற்கு முன்பே சதையெல்லாம் உள்ளே நுழைந்துவிடும்.

"ஆம்பளைங்களை வுட்டு வாங்கச் சொன்னா இப்டித்தான். கெளம்பு, நாமளே போவோம்" என்றார் அண்ணி.

"இறாலு?"

"பின்ன, அத்த வுட்டுட்டா? நாளைக்கு வலையிலேர்ந்து எறங்கினதும் எட்த்தாறேன். ஐஸு வெச்சது வேணாம், தோடு தளந்து பூடும்."

அப்படியாக மறுநாள் நானும் அண்ணியும், அலுமினியத் தூக்கில் கடல் தண்ணீரும் துடிக்கிற பொடி இறாலுமாக, துறைமுகத்து மதில் ஓரமாகவே நடந்து பீச் ஸ்டேஷனுக்குப் போனோம். பிள்ளையைக் கையைப் பிடித்தபடியே பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரை வீட்டில் விட்டிருந்தோம். முதல் கடைக்காரர் தூக்கைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைத் துரத்தினார். இரண்டாவது கடையில் இருந்தவர் கொஞ்சம் வயதானவர், பர்மாவில் இருந்து வந்த தெக்கத்திக்காரர். தட்டு நிறைய நகவெட்டி பரப்பி வைத்திருந்தார். அண்ணி பாட்டுக்கு ஓர் இறாலை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஒரு நகவெட்டியை எடுத்தார்.

"ஏம்மா, ஏம்மா! இது கடையா, மீன் மார்க்கெட்டா? புதுச் சாமான்ம்மா!"

"கத்தாத நைனா. கழுவிக் குடுத்துட்றோம். கைப்புள்ளைக்கு வாங்கணும், கண்ணுல கீறிகினு கட்டு போட்டுகினு கீது. நீ பொறுப்பேத்துக்கிறியா?"

அவர் தட்டை எங்கள் பக்கம் தள்ளினார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். துறைமுகத்து ஆட்கள் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பொம்பளைகள் நகவெட்டியால் இறாலுக்கு நகம் வெட்டுவதைப் பார்த்தால் விடுவார்களா? சுற்றி நின்றுவிட்டார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெட்ட வெட்ட, ஒருவன் பின்னாலிருந்து குஸ்திச் சண்டைக்குச் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தான். "வந்துச்சுபா தங்கக் கலரு! வெச்சாங்கபா! ஐயோ, சதையோட பூட்ச்சிபா!" எல்லோரும் ஓவென்று கத்துவார்கள். ஒருவன், "யக்கா, அந்த யான பொம்ம போட்டத்த வையி, நான் பந்தயம் கட்டிகிறேன்" என்றான். யானை பொம்மை போட்டது சதையை நசுக்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள்ளே எது எடுத்தாலும் சதையைக் கடிக்கிறதே என்று பயமாகவும் இருந்தது. பளபளப்பு கூடக்கூட வாய் மோசமாக இருந்தது.

தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. இறாலும் தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கடைக்காரரே, என்ன தோன்றியதோ, பின்னால் இருந்த தகர டப்பாவைக் கிளறி ஒன்றை எடுத்தார். மங்கலாக, கறுத்துப்போய், படம் கிடம் எதுவும் இல்லாமல் இருந்தது.

"இதப் பாருங்க. ரொம்ப நாளாக் கிடக்கு, யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க. வாய் சின்னது, பெரியவங்க நகத்துக்கு ஏறாது."

நான் வாங்கிப் பார்த்தேன். வாய் என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம்கூட இல்லை. உள்பக்கமாக லேசாக வளைந்து, பிறை மாதிரி இருந்தது. முனை இரண்டும் மழுங்கி உருண்டிருந்தது, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், குத்தவில்லை. மேலே அழுத்துகிற பிடியைத் தூக்கினால் கொஞ்சம்தான் திறந்தது. அண்ணி அதை மூடி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். இரண்டு உதட்டுக்கும் நடுவில் வெளிச்சம் நுழையவில்லை. அப்புறம் இறாலின் வாலில் வைத்து அழுத்தினார்.

டிக் என்றது. நூல் அளவுத் தோடு மட்டும் உதிர்ந்தது. சதை முழுசாக இருந்தது. வேண்டுமென்றே உள்ளே தள்ளி வைத்து அழுத்தினார். அந்தச் சின்ன வாய்க்குள் சதை நுழையவே இல்லை. இன்னோர் இறாலில் நான் செய்தேன். அதே கதை. விசில் அடித்தார்கள் பாருங்கள், பீச் ஸ்டேஷன் அதிர்ந்தது. யானைக்குப் பந்தயம் கட்டினவன் தலையில் அடித்துக்கொண்டான். மிச்சம் இருந்த இறாலை அண்ணி கடைக்காரருக்கே கொடுத்தார். அவர் திட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நகவெட்டியை வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்தோம். பிள்ளை பால் குடித்துத் தூங்குகிற மத்தியான நேரம்தான் வசதி. வாசல் பக்கம் வெளிச்சத்தில் பாயைப் போட்டு மடியில் கிடத்திக்கொண்டேன். நகவெட்டியை அவள் விரல்கிட்டே கொண்டுபோவேன், திரும்ப எடுத்துவிடுவேன். இறாலில் வெட்டின கைதான், ஆனால் இது என் பிள்ளை.

"இப்டிக் குடு" என்றார் அண்ணி.

"நீங்களா? மாதா..."

"மாதாவாண்ட நான்தானே பேசுனேன். நானே வெட்றேன், கொற இருந்தா என்னையே கேக்கட்டும்."

பிள்ளையின் விரல் நுனிச் சதையைத் தன் கட்டைவிரலால் மெல்லக் கீழே அமுக்கி, நகம் மட்டும் மேலே நிற்கும்படி பிடித்தார். ஒரு டிக். அவள் தூக்கத்தில் உதட்டைச் சுழித்தாள். நான் விரலை வாங்கிப் பார்த்தேன், ரத்தம் இல்லை. அடுத்த டிக். கடைசி விரல் முடிகிறவரைக்கும் என் வீட்டுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார், திரும்பவே இல்லை. வெட்டி முடித்ததும் அண்ணி ஒவ்வொரு விரலையும் தன் கண் இமையில் தேய்த்துப் பார்த்தார். பிசிறு தட்டிய இடத்தில் மறுபடி லேசாக ஒரு டிக். எனக்கு அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு வந்தது.

அப்புறம் ஒரு கீறல்கூட விழவில்லை. வாரம் தவறாமல் அண்ணிதான் வெட்டினார். மருந்து போட்டுப் போட்டுச் சீழ் வற்றி, கண்ணில் சிவப்பு தெளிந்து, ஆடி மாதத்தில் கட்டை அவிழ்த்தார்கள். கறுப்பின் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு வெள்ளை மட்டும் நின்றது. லேடி டாக்டர் திருப்தியாகத்தான் பேசினார். ஆனாலும் ஒன்று சொன்னார்.

"நல்லா ஆறியிருக்கு. எந்த அளவுக்குப் பார்க்குதுன்னு குழந்தை வாய் திறந்து சொல்லாது. அப்பப்ப நல்ல கண்ணைக் கையால மறைச்சுட்டு, ஏதாவது காட்டிப் பாருங்க. சத்தம் இல்லாம காட்டணும். சத்தத்துக்குத் திரும்புறது கணக்கில்ல."

எங்கள் வீட்டில் சத்தம் இல்லாமலா! நான் வலது கண்ணைப் பொத்துவேன். அண்ணி ஒரு கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். வரும்போதே, "எங் கண்ணு, இத்த பாரு, அத்த பாரு" என்று தெருவில் கூவுகிற குரலில் கூவிக்கொண்டு வருவார். பிள்ளை திரும்பும். கண்ணுக்குத் திரும்பியதா காதுக்குத் திரும்பியதா என்று யார் கண்டது? வாயை மூடுங்கள் என்றால் வாயை மூடிக்கொள்வார், வளையல் பேசும். கரண்டி போய்ப் பொம்மை வந்தது, பொம்மை போய் மெழுகுவர்த்தி வந்தது. ஒருநாள் பார்க்கிறாள் என்று குதிப்போம், மறுநாள் பார்க்கவில்லையோ என்று சோறு இறங்காது. அந்த இரண்டு மாதமும் இந்தச் சந்தேகம்தான் எங்களைத் தின்றது.

செப்டம்பர் வந்தது. எழும்பூரில் ரயில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனோம். முதலில் பிள்ளைக்கு மொட்டை. அழுது ஊரைக் கூட்டினாள். சந்தனம் பூசித் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தேன். அடுத்து அண்ணி போய்ப் பலகையில் உட்கார்ந்தார். வேண்டாம் அக்கா, நுனியில் மூணு கொத்து நறுக்கிப் பூ முடி மட்டும் கொடுத்தால் போதும் என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். "டேய், சும்மா குந்துடா" என்று சொல்லிவிட்டுக் கொண்டையை அவிழ்த்தார். என்னால் பார்க்க முடியவில்லை. பிள்ளையைக் கிழக்குப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சும்மா இருக்கமாட்டாமல், பழக்கத்தில், அவள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். கடைத்தெருவில் தொங்கிய கலர் ஜெபமாலைகளை நோக்கித் திருப்பினேன். அதற்குள் அவள் என் உள்ளங்கைக்குப் பழகிப்போயிருந்தாள். அப்போது முன்னால் நிழல் தட்டியது. நிமிர்ந்தேன்.

மொட்டைத் தலையோடு அண்ணி நின்றிருந்தார். வளையலைக் குளிப்பதற்காகக் கழற்றி வைத்திருந்தார். கூச்சமோ என்னவோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். எனக்கே ஒரு நொடி யாரோ என்றிருந்தது.

பிள்ளை அந்த ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து உச்சிவரைக்கும் பார்த்தாள். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. அப்புறம் வீல் என்று ஒரு கத்தல் கத்தி, என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அண்ணியைக் கண்டால் என்னை உதறிவிட்டுப் பாய்கிற பிள்ளை!

நான் என் கையைப் பார்த்தேன். அது இன்னும் நல்ல கண்ணைத்தான் மூடியிருந்தது.

"அண்ணி..." என்றேன். பொத்தியிருந்த கையைக் கண்ணால் காட்டினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முந்தானை வாயிலிருந்து விழுந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்ன ஆச்சோ என்று பயந்து ஓடி வந்தார். பிள்ளை மெல்லத் தலையைத் திருப்பி, திறந்திருந்த இடது கண்ணால் அந்த மொட்டையை மறுபடி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் மறுபடி வீல்.

அண்ணி எழுந்தார். சத்தம் போடாமல் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். பிள்ளை அடங்கினதும் மெதுவாகத் தலையை மட்டும் நீட்டினார். வீல். இந்தப் பக்கத்துத் தூணிலிருந்து நீட்டினார். வீல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, பிள்ளை வேறு அழுது அழுது விக்க ஆரம்பித்துவிட்டது.

"போதும் அண்ணி, பாவம் கொழந்த" என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டிமே" என்று கெஞ்சிவிட்டு, அண்ணி அடுத்த தூணுக்கு ஓடினார்.